கொன்றோல் விலைக்கு ஒரு முட்டை

பக்கத்து வீட்டுப் பிள்ளை பொருளியல் படிக்கிறாள். நேற்றுப் பின்னேரம் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகிற படம் ஒன்றைக் காட்டினாள். மேலிருந்து இறங்குவது வாங்குகிறவர்களாம். கீழிருந்து ஏறுவது விற்கிறவர்களாம். சந்திக்கிற இடத்தில் விலை தானாகப் போய் நிற்குமாம். அதற்குக் கீழே அரசாங்கம் ஒரு கோடு கிழித்து, இதற்கு மேல் விற்கக் கூடாது என்றால் என்ன நடக்கும் என்பது கேள்வி.

"தட்டுப்பாடு வரும் எண்டு எழுதினால் காணுமோ மாமா?"

காணும் என்றேன். பரீட்சைக்கு அது காணும். அவள் போன கையோடு அவர்கள் குசினியில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு நல்லெண்ணெயில் முட்டை பொரிக்கிற மணம் வேலி தாண்டி வந்தது. எனக்கு என் அத்தான் நினைவுக்கு வந்துவிட்டார். அவருடைய கதையை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் புள்ளி போடுகிற ஆள் இல்லை.

இரண்டாவது உலக யுத்த காலம். பர்மா விழுந்து, அங்கிருந்து வருகிற அரிசியும் நின்றுபோயிருந்தது. நான் சுன்னாகத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிய வாத்தியார். சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். கணக்குப் புத்தகத்தில் 'ஒரு முட்டை இரண்டு சதமாயின்' என்று வாசித்தால் வகுப்பு முழுவதும் சிரிக்கும். நகைச்சுவையாகப் பாடம் நடத்துகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது அப்படித்தான்.

அக்காவின் புருஷன், என் அத்தான், கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். அவரைப் பிடித்து விலைக்கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். பிறந்த நாள் முதல் ஒரு பொருளுக்கும் பேரம் பேசியறியாத மனிதர். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு 'நன்றி' வேறு சொல்லுவார். நீந்தத் தெரியாதவனைப் பார்த்துத் தோணியைக் கொடுத்ததுபோல, சந்தையை அவரிடம் கொடுத்தார்கள். சைக்கிளில் பசைவாளியைக் கொழுவிக்கொண்டு போய்ச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார். முட்டை ஒன்று ஐந்து சதம். சனங்கள் அந்தக் கட்டுப்பாட்டு விலையைக் 'கொன்றோல் விலை' என்றார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் பலாலியில் விமானத்தளம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு விடிந்தால் முட்டை இல்லாமல் யுத்தம் செய்ய வராது. அவர்களுடைய சமையற்காரன் முட்டைக்கு இருபத்தைந்து சதம் கொடுத்தான். நோட்டீஸ் காயுமுன் சுன்னாகம் சந்தையில் ஒரு முட்டை இல்லை. ஐந்து சதத்துக்கு மேல் யாரும் விற்கவில்லை என்று அத்தான் மேலிடத்துக்கு எழுதினார். முழு உண்மை. யாரும் விற்கவேயில்லை.

இப்படி அவர் வெற்றிக்கொடி நாட்டியிருந்த வேளையில் அக்காவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது கட்டிலில் எலும்புதான் கிடந்தது. "நாளுக்கு ஒரு முட்டையாவது குடுங்கோ. இல்லாட்டி உவ எழும்புறது கஷ்டம்" என்றார் டாக்குத்தர்.

முட்டை விற்கிற இராசம்மாவின் வீட்டுக்கு அத்தானே போனார். நானும் கூடப் போனேன்.

"முட்டை இருக்கோ?"

"கோழியள் இப்ப இடுறேல்லை, ஐயா."

கொல்லைப்புறத்தில் ஒரு கோழி கொக்கரித்தது. மூன்று பேரும் வெவ்வேறு பக்கம் பார்த்தோம்.

"அது சும்மா கத்துது" என்றாள் இராசம்மா.

கூடக் காசு கொடுத்து வாங்குவோம் என்று வழியில் சொல்லிப் பார்த்தேன். அத்தான் சைக்கிளை நிறுத்திவிட்டார். "நானே குடுத்தால், நாளைக்கு ஆரைப் பிடிக்கிறது?" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

வீட்டுக்கு வந்து, தான் ஒட்டிய நோட்டீசையே திரும்பத் திரும்பப் படித்தார். கடைசியில் முகம் மலர்ந்து, "முட்டைக்குத்தான் விலை போட்டிருக்கு. கோழிக்குப் போடேல்லை" என்றார். அமெரிக்காவைக் கண்டுபிடித்தவன்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் அங்கே இராசம்மா முன்னரே போய்க் குடியேறியிருந்தாள். கோழி வாங்கப் போனபோது அவர் சம்பளத்தில் அரைவாசி கேட்டாள். அவள் கோழிக்கு விலை சொல்லவில்லை. அது இனி இடப்போகிற முட்டை எல்லாவற்றுக்கும் பலாலிக் கணக்கில் விலை சொன்னாள். அத்தான் வழக்கம்போலக் கேட்டதைக் கொடுத்து, நன்றியும் சொல்லி, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை கோழி முட்டையிட்டுக் கொக்கரித்தது. கொக்கரித்து முடியுமுன் பக்கத்து வீட்டு நொத்தாரிசு படலையடியில் நின்றார். ஊரின் காணி உறுதி எல்லாம் எழுதுகிறவர், சிவதீட்சை கேட்டவர், உள்ளிகூடத் தொடாதவர். கையில் ஐந்து சதம்.

"பேரனுக்கு ஒரு முட்டை வேணும் தம்பி. கொன்றோல் விலை ஐஞ்சு சதம்தானே?"

"இது அவவுக்கு வச்சிருக்கிறது, ஐயா."

"சாமானை வச்சுக்கொண்டு இல்லையெண்டால் பதுக்கல் எண்டு உம்மடை நோட்டீசிலைதானே கிடக்கு."

அத்தான் வியாபாரி இல்லை; அந்தச் சட்டம் அவரைத் தொடாது. அது நொத்தாரிசுக்குத் தெரியாதா? ஆனால் அத்தான் வெளிறிப்போனார். முட்டையைக் கொடுத்து ஐந்து சதத்தை வாங்கினார். அடுத்த நாளும் அதுதான் நடந்தது. அதற்கடுத்த நாளும்.

அக்கா கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவரைக் கூப்பிட்டு மெல்லிய குரலில், "நான் செத்தால் எரிக்கிற விறகுக்கும் கொன்றோல் விலை போட்டிருக்கோ எண்டு ஒருக்கால் பாத்து வையுங்கோ" என்றாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் அக்கா சுவரைப் பிடித்து எழும்பினாள். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் முதல் நடை. "தம்பி, உந்தக் கோழியை இராசம்மாவிட்டைக் கொண்டுபோய்ச் சும்மா குடு. காசு வேண்டாம். எனக்கு நாளுக்கு ஒரு முட்டை அவவும் சும்மா தரட்டும். அவிச்சுத் தரட்டும்" என்றாள். அன்பளிப்புக்கு நோட்டீசில் விலை இல்லை. அவித்த முட்டையைப் பலாலிக்காரனும் வாங்கமாட்டான், நொத்தாரிசும் கேட்கமாட்டார்.

இராசம்மா கோழியை வாங்கி இறகைத் தடவினாள். "உங்கடை நொத்தாரிசர் பலாலிக்கு முட்டை குடுக்கிறார். ஐஞ்சுக்கு எடுக்கிறவர் இருபதுக்குக் குடுத்தால் நாங்கள் எப்பிடித் தம்பி பிழைக்கிறது?" என்றாள். பேரனுக்கு வாங்கிய முட்டை போன வழி அது. அவருக்குப் பேரனே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பின்னேரம் அத்தானுக்கு இரண்டையும் சொன்னோம். கோழி விஷயத்தில் பிழை கண்டுபிடிக்க நோட்டீசைப் பார்த்தார்; அகப்படவில்லை. அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, இராசம்மா கொடுத்துவிட்ட அவித்த முட்டையை எடுத்துக் கோது உரித்தார். உரிக்கத் தெரியாமல் பாதி வெள்ளையும் கோதோடு போயிற்று. "உப்புக் காணுமோ?" என்று மட்டும் கேட்டார். அக்கா தலையாட்டினாள். அவர்களுக்குள் சமாதானம் பேசியதாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நொத்தாரிசு விஷயத்தில் அவர் நேரே கச்சேரியில் தன் மேலதிகாரியான பெரியவரிடம் போய் முறைப்பாடு கொடுத்தார்.

"அவருக்கு முட்டை வித்தது ஆர்?" என்று கேட்டாராம் பெரியவர்.

"நான்தான், சேர்."

பெரியவரின் சீதனக் காணி உறுதி அப்போது நொத்தாரிசின் மேசையில் கிடந்தது. விசாரணை வெகு நேர்மையாக நடந்தது. அத்தானுக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது.

"மன்னாரிலை கோழி இருக்கோ?" என்று பெட்டி கட்டும்போது அக்கா கேட்டாள்.

"நோட்டீஸ் இருக்கு" என்றார் அத்தான். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பகிடி அதுதான். அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு அந்த இருமலில் தெரிந்தது.

யுத்தம் முடிய நோட்டீசுகளை மழை கழுவிற்று. அத்தான் பழைய கிளாக்கராகத் திரும்பி வந்து, பதவி உயர்வு என்ற ஒன்றைக் காணாமலே பென்சன் எடுத்தார். சந்தைக்குப் போனால் அக்காதான் பேரம் பேசுவாள். சொன்ன விலையில் பாதி கேட்பாள். விற்கிறவள் நெஞ்சில் கைவைப்பாள், அக்கா இரண்டடி நடப்பாள், அவள் திரும்பக் கூப்பிடுவாள். அத்தான் பையைப் பிடித்துக்கொண்டு, யாரோ அந்நியர்போல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்போது இருவரும் இல்லை. விலையைப் பெட்டியிலேயே அச்சடித்து அனுப்புகிறார்கள். யாரும் நெஞ்சில் கைவைப்பதில்லை. போன கிழமை ஒரு கடையில், அக்காவை நினைத்துக்கொண்டு, பாதி விலை கேட்டுப் பார்த்தேன்.

"என்ன அங்கிள், சுகமில்லையோ?" என்றான் பெடியன்.

சுகம்தான். பக்கத்தில் பையோடு நின்று வெட்கப்படத்தான் ஆளில்லை.