ருசி பார்த்த குற்றம்

அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் அறுநூறு பேருக்குச் சமைத்தவளை எல்லோரும் உப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினேழு வருடமாக அவள் சமையலில் உப்பு கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அத்தனை வருடமும் ஈரச் சிமென்ட் தரையில் நின்றதில் வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று. பன்னிரண்டு கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவைக் கம்பெனியின் மருத்துவக் காப்பீடு பார்த்துக்கொள்ளும்.

கம்பெனி அப்போதுதான் ஊழியர்களின் உடம்பைக் குறைக்க ஓர் ஆன்லைன் திட்டம் கொண்டுவந்திருந்தது. வாயில் போவதையெல்லாம் போனில் பதிய வேண்டும். முகம் காட்டாத ஒரு பயிற்சியாளர் அறிவுரை அனுப்புவார்.

மற்றவர்கள் தின்ற பிஸ்கட்டை மறைத்தார்கள். உப்பக்காவுக்குப் பொய் எழுத வராது. ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்ததை, அரைக் கரண்டி, அரைக் கரண்டி என்று தினமும் நாற்பது தடவை பதிந்தாள். ‘நொறுக்குத் தீனி நாற்பது முறை’ என்று போன் சிவப்பைக் காட்டியது. “உங்களுக்கு மன உறுதி போதாது” என்று பயிற்சியாளர் எழுதினார்.

முன்பெல்லாம் ஏழையின் வலிக்குத் தலையெழுத்தைக் காரணம் காட்டினார்கள். இப்போது மன உறுதி. ஒன்பது மணி நேரம் நிற்க வைத்தவர்களை அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

லாரி ஓட்டும் அவள் புருஷனுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

“நான் இருபது வருஷமா சொல்லிக் கேக்காதவ, போன் சொன்னா கேக்கறியே.”

“நீங்க சொன்னா முட்டி சரியாயிடுமா?”

அவள் ருசி பார்ப்பதையே நிறுத்தினாள். பாத்திரம் கழுவுகிறவளை ருசி பார்க்கச் சொன்னாள். அவளோ உப்பை அள்ளிப் போட்டுத் தின்று பழகிய நாக்குக்காரி. எதைக் கொடுத்தாலும் இன்னும் கொஞ்சம் போடு என்பாள். உப்பக்கா போட்டாள். எடை இறங்க இறங்க, சாப்பாட்டில் உப்பு ஏறியது. கடலைக் காய்ச்சி ஊற்றுகிறாயா என்று தட்டோடு வந்து கேட்டவர்களும் உண்டு. மூன்றாவது மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாடு முழுவதும் குப்பைத் தொட்டிக்குப் போனது. மேனேஜர் கூப்பிட்டார்.

“ருசி பாக்காம ஒரு சமையலாம்மா?”

“ருசி பாத்தா மன உறுதி இல்லைங்கறாங்க சார்.”

“அத அவங்ககிட்ட பேசும்மா. எனக்குச் சாப்பாடுதான் முக்கியம்.”

இரண்டும் ஒரே கம்பெனி போட்ட உத்தரவுதான். ஒன்றுக்குக் கீழ்ப்படிந்ததற்காக இன்னொன்று அவளை வெளியே அனுப்பியது. சமையலை வெளி ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் மருத்துவமனை எடைக் கருவியில் ஏறி நின்றாள். சரியாகப் பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் பாராட்டினார். கவுன்டரில் காப்பீட்டு அட்டையை வாங்கிப் பார்த்த பெண்தான், வேலையோடு இதுவும் முடிந்துபோச்சும்மா என்று மெதுவாகச் சொன்னாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இலக்கை எட்டியதற்காகப் போனில் வந்திருந்த வாழ்த்துக்குப் பதில் எழுதினாள்: “வேலை போச்சு. ஆபரேஷனும் இல்லை. முட்டி வலிக்குது.”

உடனே பயிற்சியாளரிடமிருந்து வந்தது: “கவலை வேண்டாம். இனி உங்களுக்கு நிறைய நேரம் கிடைக்கும். தினமும் பத்தாயிரம் அடி நடங்கள்.”