சேர்மனின் சிவப்புப் பேனா

காலை ஆறரைக்கு நான்கு நாளிதழ்களை மேசையில் விரித்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருப்பார் தேவசிகாமணி. அச்சாகி வீடு வந்து சேர்ந்த பத்திரிகையைத் திருத்தி யாருக்கு என்ன லாபம்? இருபத்திரண்டு வருட நிருபர் புத்தி. இப்போது எங்கள் பேரூராட்சிக்கு அவர்தான் சேர்மன்.

பாளையங்கோட்டை மாலைப் பத்திரிகையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. 'எனக் கூறப்படுகிறது' என்று யாராவது செய்தியை முடித்தால் தாளைக் கிழித்துவிடுவார். "கண்ணால பாத்தீரா இல்லியா? பாத்தா, பாத்தேன்னு எழுதும்வே. எவன் கூறுதான்?" என்பார். தாமிரபரணியில் சாக்கடை விழும் இடங்களை நடந்தே போய் எண்ணிவந்து எழுதினார். எங்கள் ஊர்க் குடிநீர்க் குழாயில் அது கலப்பதையும் எழுதினார். அதைப் படித்தவர்கள்தான் அவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். நானும் ஓட்டுப் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

சேர்மன் ஆனார், கார் வந்தது, குழாய் மட்டும் மாறவில்லை. அதைப் பதித்த ஒப்பந்தக்காரர் குமரகுருபரன் இப்போது அவருக்கு வலது கை. கேட்டால், "அங்கன இருந்து எழுதுதது லேசுவே. இங்கன வந்து உக்காந்து பாரும்" என்கிறார்.

போன திங்கட்கிழமை வீட்டு வரி விஷயமாக அவர் அறையில் உட்கார்ந்திருந்தேன். தையல்காரி ஜெசி மனுவோடு வந்தாள். அவள் மகள் ரீபா மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி. குழாய மாத்த ஒரு கையெழுத்துப் போடுங்க. பிள்ளைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா கெடக்கு."

மனுவைப் படித்தார். 'குழாயில் சாக்கடை வருகிறது' என்ற வரியில் நிறுத்தி, பக்கத்தில் சிவப்பில் எழுதினார்: 'எனக் கூறப்படுகிறது.'

"இப்படி இருந்தாத்தான் நாளைக்கு ஒரு பிரச்சினை வராதும்மா. பைய பாப்போம்."

இப்படி எழுதிய மனு கட்டுக்கு அடியில்தான் போகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜெசி பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பழைய பத்திரிகைத் துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். செய்திக்கு மேலே அவர் பெயர் இருந்தது.

"நீங்க எழுதினதப் பாத்துத்தான் அண்ணாச்சி நானும் எழுதுனேன். அதே குழாய்தான்."

தேவசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் செய்தியைக் கடைசி வரை படித்தார். உறையிலிருந்து துண்டை மெல்ல உருவினார். கடைசி வரிக்குப் பக்கத்தில் அதே இரண்டு சொற்களைச் சிவப்பில் எழுதி, மூடியைத் திருகி, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.