மீன் தட்டிக்குள் பத்துச் செம்மறிகள்

வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்குக் களுதாவளையில் பஸ் என்னை இறக்கிவிட்டது. மட்டக்களப்பிலிருந்து பதினேழு மைல், கட்டணம் முப்பது சதம். முழங்காலை மடக்கி வைத்திருந்ததற்குத் தனிக் கூலி கேட்கவில்லை. தோணித்துறைக்கு நடந்து, வாவியைக் கடந்து, பழுகாமம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

நான் பார்க்க வந்தது ஒரு புல்லை! குதிரைமசால் என்று புத்தகத்தில் படித்திருந்தேன்; ஆடு அதை மேயக் கண்டதில்லை. கந்தப்பர் என்பவர் கண்டியிலிருந்து விதை எடுப்பித்து, வாவிக்கரை மேட்டில் அரை ஏக்கர் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் யாழ்ப்பாணத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நிலம் அவர் மனைவி நாகம்மையின் சீதனம். இந்தக் கரையில் காணி பெண் வழியேதான் இறங்கும்.

"ஒரு ஆடு செத்தாலும் உழுதுபோட்டுச் சோளம் விதைப்பன் எண்டு இவருக்குச் சொல்லியிருக்கன், தம்பி," என்றார் நாகம்மை, எனக்குச் சோறு போட்டபடியே.

"பத்துச் செம்மறியும் கல்லுப்போல நிக்குது. இவட வாயாலதான் சாகப்போகுதுகள்," என்றார் கந்தப்பர்.

அவருடைய முறை இது. காலையில் வைக்கோல் போட்டு அரைவயிறு நிரப்புவார். பனி காய்ந்தபின் ஒரு மணி நேரம் மட்டும் மசாலுக்குள் விடுவார். ஈர மசாலைப் பசியோடு தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதிவிடும். மேய்ந்த நிலத்துண்டுக்கு ஒரு மாதம் ஓய்வு. பட்டிக்கும் துண்டுகளுக்கும் வேலி, வாவியில் மீன் மறிக்கும், கயிற்றால் கோத்த பழைய கம்புத் தட்டிகள்தான். பாய்போலச் சுருட்டித் தோளில் வைத்து நகர்த்தலாம். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன்.

வெள்ளி காலை ஆறு மணிக்குக் கந்தப்பர் போட்ட கூச்சலில் எழுந்து ஓடினேன். பட்டித் தட்டி சரிந்து கிடந்தது. ஆடுகள் பனி சொட்டும் மசாலுக்குள்! விரட்டி வெளியேற்றினோம். ஒரு பெட்டையாட்டின் இடப்பக்க வயிறு மட்டும் மத்தளமாக ஊதிவிட்டது. ஆடு விழுந்து கால்களை உதைத்தது.

"என்னகா பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? தேங்காயெண்ணெய்!" என்று கந்தப்பர் மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

நாகம்மை அதற்குள் போத்தலோடு வந்துவிட்டார். எண்ணெயைப் புகட்டினார். காற்று வெளியேற, வாயில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினோம். முன்கால்களை வரம்பின்மேல் தூக்கி வைத்து நான் பிடித்துக்கொள்ள, கந்தப்பர் வயிற்றைத் தேய்த்தார்.

"படிச்ச தம்பி, விட்டிராதீங்க!" என்றார் நாகம்மை.

கால் மணி நேரம் போனது. பிறகு நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. அப்படியொன்றை நான் கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்டதில்லை. ஆடு எழுந்து நின்றது.

சரிந்த தட்டியின் கயிறுகள் மென்று அறுக்கப்பட்டிருந்தன. நாகம்மை ஒரு கயிற்றுத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு. வாவித் தண்ணியில எத்தின வருசம் ஊறின கயிறு! ராவெல்லாம் சப்பியிருக்குதுகள்."

"மீன் ஒருநாளும் கயித்தைத் தின்னல்லயே! நான் என்னத்தக் கண்டன்?" என்றார் கந்தப்பர்.

"அப்ப சோளமா?" என்று நான் மெல்லக் கேட்டேன். கந்தப்பர் அறுந்த கயிற்றை முடியத் தொடங்கினார்.

"ஆடு சாகல்லயே," என்றார் நாகம்மை. "புல்லுக் கிடக்கட்டும். கயித்தையெல்லாம் கிணத்துத் தண்ணியில அலசுங்க. ஆட்டுக்குச் சிரட்டையில உப்பு வையுங்க. இனிக் காலையில பட்டியைத் திறக்கிறது நான்."

எட்டு மணித் தோணியில் திரும்பினேன். எங்கள் ஊரில் வேலி நட்ட இடத்தில் நிற்கும்; ஆடு கட்டிய இடத்தில் நிற்கும்; வெட்டிய குழையை நாம் சுமந்துபோய்ப் போடுவோம். இங்கே வேலி நடக்கிறது, ஆடு அதன்பின்னே நடக்கிறது. தோணியிலிருந்து பார்த்தேன். நாகம்மை மசாலுக்குள் குனிந்து இலையைத் தடவினார். கையைச் சேலையில் துடைத்தார். பனி இன்னும் காயவில்லை என்று தலையாட்டினார். பட்டி வாசலில் பத்துச் செம்மறிகளும், பதினோராவதாகக் கந்தப்பரும் காத்து நின்றார்கள்.