நிலக்கரியும் பங்குக் கிணறும்

ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கிய வீட்டில்தான் எல்லோரும் இருந்தோம். ஆனால் அவர்கள் இருவருக்கும் இடையே பேச்சு வார்த்தை இல்லை. காரணம், யாழ்ப்பாணத்தில் இரண்டு பேருக்கும் பங்கு உள்ள ஒரு கிணறு. அது வேலிக்கு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கடல்கடந்து வந்து ஸ்காபரோ பனிக்குள் இருந்துகொண்டு முறுகினார்கள். அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே பெரியப்பா என்னிடம், "கொப்பரிட்டைச் சொல்லு, ஹீற்றரைக் குறைக்கட்டாம்" என்பார். நான் அதை அப்பாவின் பக்கம் திரும்பி இன்னொரு முறை சொல்லவேண்டும்.

அப்பா தூரத்து அஜக்ஸ் நகரில் தனியாக வீடு பார்க்கத் தொடங்கியதும் எனக்குப் பகீரென்றது. பெரியப்பாவின் மகளும் நானும் ஒரே அறை, ஒரே வகுப்பு. அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அந்த நேரம் பார்த்து வகுப்பில் பேச எனக்கொரு தலைப்புக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சும் ஜேர்மனியும் எப்படி ஒன்றாகின? வாசிக்க வாசிக்க இருப்புக்கொள்ளவில்லை. பீரங்கி செய்ய உதவிய நிலக்கரியையும் உருக்கையும் இரண்டு நாடுகளும் ஒரு பொதுச் சபையிடம் விட்டனவாம். லக்சம்பேர்க் போன்ற பக்கத்து நாடுகள் சிலவும் கூடச் சேர்ந்தனவாம். அட, இவ்வளவுதானா விஷயம்!

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்றேன்.

"அப்பா பிரான்ஸ், பெரியப்பா ஜேர்மனி. வேலியை எடுங்கோ. கிணத்தை ரெண்டு பேரும் சேந்து பாருங்கோ."

லக்சம்பேர்க்காக நியமிக்கப்பட்ட பெரியப்பாவின் மகள் கரண்டியால் மேசையைத் தட்டி ஆதரவு தெரிவித்தாள். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

அப்பா நேரே பெரியப்பாவைப் பார்த்தார். "பிள்ளை சொல்லுறது சரிதானே, அண்ணை."

"ஓமடா. கிணத்தை நீயே வைச்சுக்கொள்" என்றார் பெரியப்பா.

"இல்லை, நீங்கள் வைச்சிருங்கோ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அஜக்ஸ் கதை அதோடு நின்றது. திங்கட்கிழமை வகுப்பில் வெளுத்து வாங்கினேன். ரீச்சர் எழுந்து நின்று கைதட்டினார்.

அந்தச் சனிக்கிழமை காலை முழுக்க வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடித்ததையோ, அம்மாவும் பெரியம்மாவும் சோற்றைத் தொடாமல் இருந்ததையோ நான் கவனிக்கவில்லை. ஊர்ச்சனம் முழுவதும் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு வெளிக்கிட்டுவிட்டது, கிணறு இருக்கும் எங்கள் வளவில் இப்போது இராணுவம் நிற்கிறது என்ற செய்தி வந்திருந்தது. பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க அவர்களிடம் கிணறே இல்லை என்று தெரியாமல், சண்டையைத் தீர்த்துவைத்தது நான்தான் என்று அந்தக் குளிர்காலம் முழுக்கச் சந்தோசமாகத் திரிந்தேன்.