பெரிய வளையத்துக்கு ஒரு கை

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மோப்பம் என்று பெயர். பூமிக்கடியில் வளையமாக ஓடும் குழாய்களில் கசிவு பார்ப்பதுதான் இருபத்தாறு வருட வேலை. குழாய்க்குள் இருக்கும் காற்றை ஒட்ட உறிஞ்சிவிட்டு, பற்றவைத்து இணைத்த ஒவ்வொரு இடத்திலும் வெளியிலிருந்து ஹீலியம் வாயுவைப் பீய்ச்சுவார். மயிரிழை ஓட்டை இருந்தாலும் வாயு உள்ளே நுழையும். கருவி கீச்சென்று காட்டிக்கொடுக்கும். அந்தக் குழாய்க்குள்தான் அணுவைவிடச் சிறிய துகள்களை மோதவிட்டு, உடைசலில் புதிதாக என்ன கிடைக்கிறது என்று விஞ்ஞானிகள் தேடினார்கள்.

சேர்ந்த புதிதில் ஒருமுறை, கசிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருந்தது. கருவிக்கே எட்டாத அளவு சின்னது. அதனால் வளையம் நாற்பது நாள் நின்றது. அன்றிலிருந்து, இந்தக் கருவிக்குத் தெரிந்தவரை கசிவு காணவில்லை என்றுதான் எழுதுவார். வீட்டிலும் அதே கதை. உப்பு சரியா என்று மனைவி கேட்டால், என் நாக்குக்குத் தெரிந்தவரை சரி என்பார். மனுஷனிடமிருந்து ஓர் ஆமாம், இல்லை வாங்குவதற்குள் பிராணன் போய்விடும்.

வளையம் ஆரம்பத்தில் ஒரு துகளைக் கண்டுபிடித்தது. பிறகு பதினைந்து வருடமாக ஒன்றும் அகப்படவில்லை. இப்போது மூன்று மடங்கு பெரிய வளையம் வேண்டும் என்றார்கள். வரைபடம் வந்தது. உள்ளே இறங்கத் தோண்டும் குழிகளில் ஒன்று அவருடைய தங்கையின் வீட்டில் விழுந்தது. கணவன் போன பிறகு முன்னறையில் தையல் கடை போட்டுத் தனியாளாக நிமிர்ந்தவள். வீடு போனால் வாடிக்கையும் போகும். ஊர் கூடிக் கை தூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு.

அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கோ சோறு இறங்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் தலைவி அவரைக் கூப்பிட்டு, நீங்கள் பேசினால் ஊர் நம்பும் என்றார். நிஜமாகவே ஏதாவது கிடைக்குமா மேடம் என்று இவர் கேட்டார். கிடைக்காமலும் போகலாம், ஆனால் மேடையில் அதைச் சொல்ல முடியுமா என்று தலைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கப் போகிறார்கள் என்று முடிதிருத்துபவர் ஆரம்பித்துவைத்தார். ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நோயாளிகளைத் தரையில் படுக்கவைக்கிறோம், முதலில் அதைப் பாருங்கள் என்றாள் ஒரு நர்ஸ். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தலைவி எழுந்து, பெரிய கண்டுபிடிப்பு நிச்சயம் வரும் என்றார். அப்போது தங்கை எழுந்தாள். மேடைப் பக்கம் திரும்பாமல் அண்ணனைப் பார்த்தாள்.

"நீ சொல்லுண்ணா. அங்க புதுசா ஏதாச்சும் இருக்கா, இல்லையா?"

இல்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் பாதிக் கூட்டம் அப்படியே சாயும், வீடு தப்பும். அது அவருக்கும் தெரியும்.

"இருக்கான்னு யாருக்கும் தெரியாதும்மா. மேடத்துக்கும் தெரியாது. இப்ப இருக்கற வளையத்துக்கு எட்டினவரைக்கும் காணல. ஆனா இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

தலைவி தலையைக் குனிந்துகொண்டார். எதிர்ப்பவர்களை முதலில் கை தூக்கச் சொன்னார்கள். தங்கை கையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அண்ணனின் கை மடியிலேயே கிடந்தது. ஆதரிப்பவர்கள் என்றபோது அது எழுந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் எழுந்தது. தேடாமல் விட்டுவிடுவதை அவரால் தாங்க முடியவில்லை. தங்கை எதைத் தாங்குவாள் என்று அந்த நிமிஷம் நினைத்துப் பார்க்கவும் இல்லை. பதினொரு கை வித்தியாசத்தில் வளையம் ஜெயித்தது.

வீட்டைக் காலி செய்யும் நாளன்று, சாமான் தூக்க அவர் விடிந்ததும் போய் நின்றார். தங்கை வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"நீ பொய் சொல்லலண்ணா, அதுல எனக்குக் குறையில்ல. அங்க என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது, சரி. இங்க நான் இருக்கேன்னு தெரியும்ல?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தையல் மெஷினின் ஒரு பக்கத்தை வண்டிக்காரர் பிடித்தார். மறுபக்கத்தை அவளே பிடித்துத் தூக்கினாள்.