வாய் திறக்காமல் அடித்த மூன்று எண்கள்

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு ஃபோன் என்றாலே கத்துவதுதான். லண்டன் பரீட்சைக்குப் பணம் கட்ட அன்றுதான் கடைசி நாள். ஹட்டன் நெட் கஃபேயில், கொழும்பு மாமா ஃபோனில் சொன்ன கிரெடிட் கார்டு நம்பரை நானும் கத்தித் திருப்பிச் சொல்லியபடி டைப் அடித்தேன். கார்டின் பின்பக்கத்து மூன்று எண்கள் மட்டும் பாக்கி. கடைக்கார அக்கா எழுந்து வந்து ஃபோனை கட் பண்ணினார்.

“தம்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது. இதையும் கத்துனீங்கன்னா மாமா காசுல ஊரே சாமான் வாங்கும். காதுல வாங்கி கையில அடிங்க.”

மறுபடி மாமாவுக்கு ஃபோன் எடுத்தேன். மாமா மூன்றையும் சொன்னார். நான் சத்தமில்லாமல் அடித்தேன்.

“டேய், இருக்கியா, போயிட்டியா?”

“ம்.”

பணம் கட்டியாயிற்று. அந்தக் கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள். எந்தக் கார்டானாலும் பின்பக்கத்து மூன்று எண்களை அடிக்கும்போது என் வாய் இன்னும் தானாக மூடிக்கொள்கிறது.