சோளக்காரியின் மகள்

எங்கள் அம்மா தன் வாழ்நாளில் முதன்முதலாக வாக்குப் போட்டது ஒரு மண்பானைக்குள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மல்லாவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளத்தின் கரையில் இருந்தோம். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்று காட்டைத் துப்புரவாக்கிக் கொடுத்த நிலம் அது. நாற்பது ஓலைக் கொட்டில்கள் இருக்கும். கடலைத் தவிர வேறொன்றும் அறியாத ஆண்கள், மண்வெட்டியைத் துடுப்புப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். அப்பா அவர்களில் இல்லை. இடம்பெயர்வதற்கு முந்திய வருடம் கடல்தொழிலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை, வள்ளமும் வரவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்களும் கிடையாது. அம்மாவும் நானும் கோழிகளும்தான் குடும்பம்.

கோழிகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரைவிட்டு ஓடி வந்தபோது மற்றவர்கள் மாதா சுரூபத்தையும் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா ஒரு ஓலைக் கடகத்துக்குள் சிவப்புப் பேட்டுக்கோழி ஒன்றைக் கட்டி எடுத்து வந்தார். வழி நெடுகிலும் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வருடத்தில் அந்தச் சிவப்புப் பேட்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முற்றம் முழுக்க நின்றன. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் முட்டை எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. பதிலுக்கு அரிசி வரும், தேங்காய் வரும், சிலவேளை ஒரு கட்டிச் சவர்க்காரமும் வரும். முட்டை வாங்க வருகிறவர்கள் நின்று கதைத்துவிட்டுப் போவார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மற்ற நேரங்களில் நான் கோழிகளோடுதான் கதைத்தேன்.

எனக்கிருந்த ஒரே சிநேகிதி மூப்பரின் மகள். மூப்பர் என்றால் கோயில் காரியங்களைப் பார்ப்பவர். பூசை வைக்க வரும் சுவாமிக்கு அடுத்தபடி அவர் சொல்வதுதான் சட்டம். அவர் மகளும் நானும் அந்த வருடம் கோயில் திருநாளன்று முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்க இருந்தோம். கோயிலுக்குள் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராய்க் கைகோத்து நடந்துபோக வேண்டும். அவளும் நானும் ஒரு சோடி. அந்த நாளுக்காக நான் விரல்மடித்துக் காத்திருந்தேன். நன்மையைவிட அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்தான் எனக்கு ஆசை கூட.

எங்கள் கோயிலும் ஒரு கொட்டில்தான். மேலே கூரையாக ஒரு தறப்பாள் விரிப்பு. மழை பெய்தால் பீடத்துக்கு மேல் ஒருவர் குடை பிடிக்க வேண்டும். திருநாளுக்கு முன் ஓட்டுக்கோயில் கட்டிவிட வேண்டும் என்று மூப்பர் ஒற்றைக்காலில் நின்றார். ஓட்டுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். குளக்கட்டின் ஓரமாகப் பெரிய மருதமரங்கள் வரிசையாக நின்றன. அவற்றைத் தறித்துக் கொடுத்தால், கோயில் கூரைக்கு வேண்டிய வளைகளையும் தீராந்திகளையும் அறுத்துத் தந்து, மிச்ச மரத்துக்குப் பதிலாக ஓடும் தருவதாக மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலைக்காரர் சம்மதித்திருந்தார்.

சுவாமி இளம் வயதுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். பூசை முடிந்ததும் மூப்பர் இதைச் சொல்ல, பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து நின்றார். அம்மா கூட்டத்தில் வாய் திறந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணை, எங்கடை களப்பிலை கண்டல் மரங்களை வெட்டினாப்பிறகு என்ன நடந்தது? அந்தக் கரையிலை பிறகு இறால் ஒதுங்கினதோ? உந்த மரங்களும் அப்பிடித்தான். உதுகளைத் தறிச்சால் குளக்கட்டும் கரைஞ்சு போகும், குளமும் காயும். குளம் காய்ஞ்சால் கிணறு என்னண்டு ஊறும்?"

"கர்த்தருக்கு வீடு கட்டுறம் பிள்ளை. தண்ணியை அவர் தருவார்" என்றார் மூப்பர்.

"அந்த மரத்தையும் அவர்தானே அண்ணை தந்தவர்."

கொட்டிலுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சுவாமி கையை உயர்த்தினார். குளம் எல்லோருக்கும் பொது, ஆகையால் எல்லோரும் வாக்குப் போட்டுத் தீர்மானிக்கட்டும் என்றார். குடும்பத்துக்கு ஒரு வாக்குப் போதும் என்று மூப்பர் சொல்லிப் பார்த்தார்.

"இல்லை. பதினெட்டு வயசு வந்த ஆளுக்கு ஒண்டு. பொம்பிளையளுக்கும் ஒண்டு" என்றார் சுவாமி.

அடுத்த ஞாயிறு பீடத்துக்குப் பின்னால் சேலை கட்டி மறைத்து ஒரு பானை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையும் ஒரு சோளமணியும் கொடுத்தார்கள். தறிக்கலாம் என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் சோளம். ஒன்றைப் பானைக்குள் போட்டுவிட்டு மற்றதைப் போகிற வழியில் எறிந்துவிட வேண்டும். யார் எதைப் போட்டார்கள் என்று ஒருவரும் ஒருவரிடமும் கேட்கக் கூடாது என்று சுவாமி இரண்டு தடவை சொன்னார். பானையைக் கவிழ்த்தபோது பாய் முழுக்கப் புளியங்கொட்டை. நடுவில் மூன்றே மூன்று சோளமணிகள்.

"ஆர் அந்த மூண்டு பேர்?" என்று மூப்பர் சத்தமாகக் கேட்டார். சுவாமி அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிக்கொண்டார்.

அம்மா அன்றைக்கு எதிர்த்துப் பேசியவர்தான். ஆனால் வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, "எல்லாரும் எப்பிடியோ அப்பிடித்தான்" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார். தனித்துப்போக அவருக்கும் பயம் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து எதையோ முற்றத்தில் எறிந்தார். சிவப்புப் பேடு தீனி என்று ஓடிவந்து கொத்திவிட்டு, பிடிக்காமல் கீழே போட்டது. நான் போய்ப் பார்த்தேன். புளியங்கொட்டை.

அதை நான் யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் இருந்தேன். நான்காம் நாள் மறைக்கல்வி வகுப்பில் மூப்பரின் மகள் வேறொரு பிள்ளையோடு குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. அவள் திரும்பிப் பார்ப்பதற்கு என்னிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. நான் அவள் காதுக்குள், "அந்தச் சோளத்திலை ஒண்டு எங்கடை அம்மான்ரை" என்றேன்.

அவள் உடனே திரும்பினாள். கண்கள் பெரிதாகின. "உண்மையாவோ?"

"ஓம். மாதா மேலை ஆணையா."

அன்று முழுவதும் அவள் என் கையை விடவில்லை.

அந்த ஞாயிறே பூசையில் அம்மா பாயில் இருக்க, பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தள்ளிப்போய் இருந்தார்கள். திங்கட்கிழமை முட்டைக்கு ஒருவரும் வரவில்லை. கிணற்றடியில் யாரோ "சோளக்காரி" என்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோயிலுக்குக் கூரை வேண்டாம் என்றவள், விசுவாசமில்லாதவள் என்று கதை பரவியது. மூன்று சோளமணிகளும் அம்மா தலையிலேயே விழுந்தன. மற்ற இரண்டும் யாருடையவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களுக்கு நல்ல பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

சேர்ந்துபோன முட்டைகளை என்ன செய்வது? அம்மா அவற்றை மூன்று பேடுகளுக்கு அடை வைத்தார். மூன்று வாரத்தில் வீடு கீச்சுக்கீச்சென்று நிரம்பிவிட்டது. யாருமே வராத அந்த முற்றத்தில் அவ்வளவு சத்தம் அதற்கு முன் இருந்ததில்லை.

மஞ்சள் குஞ்சு ஒன்றைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு மூப்பர் வீட்டுக்குப் போனேன். சிநேகிதி ஆசையாகக் கையை நீட்டினாள். அவள் தாய் குசினி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார்.

"கொண்டு போ பிள்ளை. எங்களுக்கு வேண்டாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னவோ செய்தது. குஞ்சை அப்படியே பொத்திக்கொண்டு திரும்பி நடந்தேன்.

பிறகு மரம் அறுக்கும் வாள்காரர்கள் வந்தார்கள். மரம் விழும் ஒவ்வொரு தடவையும் எங்கள் கோழிகள் கொக்கரித்துக்கொண்டு கூட்டுக்குள் ஓடின. அம்மா கொட்டில் வாசலில் நின்று பார்த்தார். கோயில் வேலை தொடங்கிய அன்று ஒரு கடகத்தை எடுத்துக்கொண்டு மண் சுமக்கக் கிளம்பினார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"என்னத்துக்கு அம்மா போறியள்? அவை உங்களோடை கதைக்கிறேல்லையே."

"வாக்கிலை தோத்தால் தோத்ததுதான். அதுக்காகக் கோயில் எங்கடை இல்லையெண்டு வருமோ?"

அவர் மண் சுமந்தார். யாரும் அவரோடு கதைக்கவில்லை. வேலைக்காரருக்கு அவித்துக் கொண்டுபோன முட்டைகளை மட்டும் சாப்பிட்டார்கள்.

திருநாளுக்கு முந்திய நாள் எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம்; நன்மை வாங்குமுன் செய்த பாவங்களைச் சுவாமியிடம் சொல்ல வேண்டும். காலையில் அம்மா எனக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தார்.

"சுவாமியட்டைச் சொல்லுறதுக்கு எல்லாம் யோசிச்சு வைச்சிருக்கிறியோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

"ஒண்டும் விடுபட்டுப் போகேல்லையே?"

"இல்லை."

சீப்பு கொஞ்ச நேரம் தலையிலேயே நின்றது. பிறகு இழுக்கத் தொடங்கியது. நான் உண்மையிலேயே யோசித்துத்தான் வைத்திருந்தேன். பத்துக் கட்டளைகளையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். சீனி களவெடுத்தது, செபமாலை சொல்லும்போது தூங்கியது, பக்கத்துக் கொட்டில் நாய்க்குக் கல்லெறிந்தது. பொய் சொல்லாதே என்றும் ஒரு கட்டளை இருந்தது. சிநேகிதியிடம் நான் சொன்னது பொய்யில்லையே. அதனால் அது என் கணக்கில் வரவேயில்லை. அம்மா தன் சோளத்தைப் பற்றி ஒருவரிடமும் சொன்னவரில்லை. எங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை. கதை எப்படி வெளியே போனது என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். என்னிடம் அவர் அதைக் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்கவில்லை.

மறுநாள் கோயில் புது ஓடும் மரவாசமுமாக நின்றது. படுக்கைக்கு மேல் கட்டவென்று நிவாரணத்தில் வந்த நுளம்பு வலையை வெட்டி அம்மா எனக்கு முக்காடு தைத்திருந்தார். வாசலில் பிள்ளைகளை வரிசைப்படுத்தினார்கள். மூப்பரின் மனைவி தன் மகளைக் கூட்டிக்கொண்டுபோய் முன்னால் நின்ற சோடியோடு மூன்றாவது ஆளாக விட்டார். நான் வரிசையின் கடைசியில், தனியே நின்றேன். சிநேகிதி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

பாட்டுத் தொடங்கியது. முன்னால் நின்றவர்கள் நகர்ந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழும்பினார். தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் நடந்து வந்து, என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்தார். பாட்டுச் சத்தம் குறைந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. ஊரே ஒதுக்கிவைத்த ஒருவரோடு நான் கைகோத்து நிற்கிறேனே என்றுதான் எனக்கு இருந்தது.

"போங்கோ அம்மா" என்றேன் மெதுவாக.

அவர் போகவில்லை. நான் கையை உருவிக்கொண்டேன்.

அம்மா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு வெறுமையாகிப்போன அந்தக் கையை மற்றக் கையோடு சேர்த்துக் கூப்பிக்கொண்டு, பீடம்வரை என் பக்கத்திலேயே நடந்து வந்தார். அவர் செபிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.